விளையாட்டு விழாவும் பெஹாலாச் சாலையும்

ஒரு நகரத்தில் பன்னாட்டு விளையாட்டு விழா ஒன்று நடந்தேறிய பின்னர், அதனால் அந்நகரம் பெற்ற பயன் யாது என்று எவரேனும் வினவினால், விழா நடந்த அரங்கத்தைச் சுட்டிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அரங்கம் கண்ணுக்குத் தெரிவது. படம் எடுப்பதற்கும் ஏற்றது. ஆனால் அரங்கத்தின் வாயிலில் நின்று நகரத்தை அளப்பது, கலியாணப் பந்தலில் நின்று குடும்பத்தின் நிலையை அளப்பதை ஒக்கும். பந்தலைப் பிரித்த மறுவாரம் அவ்வீட்டுக்குச் சென்று, கூரை ஒழுகுகிறதா, கடன்காரர் வாயிலில் நிற்கிறாரா என்று பார்த்தாலன்றோ உண்மை விளங்கும்? ஆதலின், கொல்கத்தாவில் நடைபெற்ற பெரு விளையாட்டுகளின் வரலாற்றை, அந்நகரின் தென்மேற்கு ஓரத்திலுள்ள பெஹாலாவில் நின்று பார்க்க விரும்புகிறேன்.

பெஹாலா ஏதோ நேற்று முளைத்த புறநகரன்று; கொல்கத்தாவுக்கு மூத்தது என்றே கூறலாம். அதன் ஒரு பகுதியாகிய பரிஷாவில் சாவர்ண ராய் சௌதுரி என்னும் ஜமீன்தார் குடும்பத்தினர் வாழ்ந்தனர். சுதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்னும் மூன்று கிராமங்களின் உரிமையை, 1698-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அவர்களே. அம்மூன்று கிராமங்களே பின்னர்க் கல்கத்தா மாநகரமாக விரிந்தன. ஜாப் சார்னக்கை நகரின் தந்தை என்று கொள்வது பொருந்தாது என 2003-ஆம் ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்றம் கூறியதும், இக்குடும்பத்தார் தொடுத்த வழக்கின் பயனாகவே. இவ்வாறு நகரத்தைப் பெற்றெடுத்த ஊர், அந்நகரத்தின் எல்லைக்குள் வருவதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் காத்திருந்தது. தென் புறநகர் நகரசபையின் ஆட்சியில் இருந்த பெஹாலா, 1984-ஆம் ஆண்டிலேதான் கல்கத்தா மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இந்த ஆண்டை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் இதனிடம் வருவோம்.

கம்பெனியாருக்குச் சென்ற மூன்று கிராமங்களுள் கோவிந்தபூரின் கதி தனியானது. 1757-ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்குப் பின் ஆங்கிலேயர் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, கோவிந்தபூர் மக்களை அங்கிருந்து எழுப்பினர். கோட்டையின் பீரங்கிகளுக்கு மறைப்பு எதுவும் இருத்தலாகாது என்று சுற்றிலும் வெளியாக்கினர். அவ்வெளியே மைதான். நகரத்தின் நுரையீரல் என்றும், இந்தியக் கால்பந்தின் தொட்டில் என்றும் இன்று போற்றப்படும் அப்பசும்புல் வெளி, ஓர் ஊரை அகற்றியதனால் உண்டானது. விளையாட்டுக்காக எழுப்பவில்லை; ஆயினும் பின்னாளில் உலகின் பல நகரங்களில் அரங்கங்களுக்காக நிகழ்ந்ததன் முன்னோட்டம்போல அது தோன்றுகிறது.

நிற்க. மைதான் இராணுவத்தின் பொறுப்பில் இருந்து வந்தமையால், அங்கே நிலையான கட்டடங்கள் எழுப்புவது எளிதாக இருக்கவில்லை. கால்பந்துக் கழகங்கள் தங்கள் இருப்பிடத்தைக் கூடாரம் என்றே அழைத்தன. பார்வையாளர் அமரும் படிவரிசைகளோ மரத்தாலாயவை. இத்தகைய இடத்திலேதான், 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் மோகன் பகான் கழகத்தார் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். வங்கம் முழுவதும் அதனைத் தேசிய வெற்றியாகக் கொண்டாடியது. கல்லும் காரையும் இன்றி, ஒரு நகரத்தின் விளையாட்டு உணர்ச்சி எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு அந்நாளே சான்று. பன்னாட்டு விழாக்கள் கல்கத்தாவுக்கு விளையாட்டைக் கற்றுத் தரவில்லை. விளையாட்டில் ஊறிய நகரத்தைத் தேடி அவை வந்தன.

அவ்வாறு வந்தவற்றுள், புதிய கட்டடம் ஒன்றை விட்டுச் சென்ற விழா 1975-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த 33-ஆவது உலக மேசைப் பந்துப் போட்டி. ஆடவர் தனி ஆட்டத்தில் ஹங்கேரி நாட்டு இஷ்ட்வான் யோன்யெர் பட்டம் வென்றார். அப்போட்டிக்காக ஈடன் தோட்டத்தின் அருகில் நேதாஜி உள்ளரங்கம் எழுந்தது. சுமார் 12,000 பேர் அமரத்தக்க கூடம் அது. யோன்யெரின் பெயரை இன்று கல்கத்தாத் தெருக்களில் எத்தனை பேர் அறிவர்? ஆனால் உள்ளரங்கத்தை அறியாதவர் இல்லை. அரசியல் மாநாடு, இசை நிகழ்ச்சி, பட்டமளிப்பு, திரைப்பட விழா என்று ஏதேனும் ஒன்று அங்கே நடந்தவண்ணம் இருக்கும். மேசைப் பந்து ஆடுவோர் அதனைக் காண்பது அரிதாயிற்று என்று குறை கூறுவாரும் உண்டு. எனக்கு அக்குறை பெரிதாகப் படவில்லை. மழை மிகுந்த நகரத்தில், பேருந்துகளும் டிராம்களும் வந்து கூடும் எஸ்பிளனேடுக்கு அருகே, பெருங்கூட்டம் நனையாமல் கூடுவதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. விளையாட்டு அதற்கு ஒரு காரணமாய் அமைந்தது. பெஹாலாவாசியும் ஒரே பேருந்தில் ஏறி அவ்விடத்தை அடையலாம்.

அடுத்து வருவது துயர நிகழ்ச்சி. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்கால் கழகமும் மோதின. படிவரிசைகளில் கலகம் மூண்டு, நெரிசலில் 16 பேர் மாண்டனர். கிரிக்கெட்டுக்கென அமைந்த இடத்தில் கால்பந்துக் கூட்டத்தை அடைத்து வைப்பதன் ஆபத்து யாவருக்கும் புலனாயிற்று. வங்கத்தில் அந்நாளைக் கால்பந்து அன்பர் நாள் என்று அனுசரித்து, இரத்ததானம் செய்வது வழக்கமாக இருந்து வருகிறது. நகரின் கிழக்கே உப்பேரிப் பகுதியாகிய சால்ட் லேக்கில் 1984-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யுவ பாரதி கிரீடாங்கன் என்னும் பேரரங்கத்தை, இந்தத் துயரத்தை மறந்துவிட்டு மதிப்பிடுதல் நேர்மையாகாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆட்டம் பார்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது ஆடம்பரத் தேவையன்று.

1984-ஆம் ஆண்டை நினைவில் வைக்கச் சொன்னேன். பெஹாலா மாநகராட்சியோடு சேர்ந்த ஆண்டும் பேரரங்கம் திறந்த ஆண்டும் ஒன்றே. நகரம் ஒரே சமயத்தில் தன் கிழக்கு ஓரத்தில் உலகம் வியக்கும் அரங்கத்தையும், தென்மேற்கு ஓரத்தில் பல லட்சம் மக்களையும் ஏற்றுக் கொண்டது. இரண்டனுள் எதனை முதலில் கவனித்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மழைக்காலத்தில் பெஹாலாவின் தெருக்களில் முழங்கால் அளவு நீர் தேங்குவது பழங்கதை. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு அங்கே கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கும் பெரும் பணி, மாநகராட்சியில் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே கைக்கொள்ளப்பட்டது. சாக்கடையைத் திறந்து வைக்க வெளிநாட்டு விருந்தினர் எவரும் வருவதில்லையே!

1987-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவின் விளையாட்டு வரலாற்றில் தனிச் சிறப்புடையது. 8-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம். இங்கிலாந்துக்கு வெளியே அக்கோப்பைப் போட்டி நடந்தது அதுவே முதன்முறை. ஒரு லட்சத்தை நெருங்கிய கூட்டத்தின் முன்னிலையில் ஆஸ்திரேலியா 7 ரன்களால் இங்கிலாந்தை வென்றது. அது முடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள், 20-ஆம் நாள் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுகளின் மூன்றாவது விழா அதே நகரத்தில் தொடங்கியது. ஒரு மாதத்தில் இரண்டு விழாக்களை அந்நகரம் தாங்கியதற்குக் காரணம், அரங்கங்கள் முன்னரே இருந்தமையே. ஈடன் தோட்டத்தில் 1864-ஆம் ஆண்டு முதல் கிரிக்கெட் ஆடி வருகிறார்கள். இருந்ததைப் பெருக்கினார்கள், திருத்தினார்கள். இத்தகைய விழாக்களே நகரத்துக்குக் குறைந்த சுமையைத் தருகின்றன என்பது என் கருத்து.

யுவ பாரதி அரங்கத்தைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். சால்ட் லேக் நகரியம், ஆழமற்ற உப்பேரிகளை ஹூக்ளி நதியின் வண்டலால் தூர்த்து, யுகோஸ்லாவியச் சிற்பி டோப்ரிவோயே டோஷ்கோவிச் வகுத்த திட்டப்படி எழுந்தது. டாக்டர் பிதான் சந்திர ராய் முதலமைச்சராக இருந்த காலத்தில் அதற்கு அடிகோலினார்கள். அகன்ற வீதிகளும் அமைதியான மனைகளும் கொண்ட அப்புதுநகரின் விளிம்பில் அரங்கம் நின்றது. அங்கே வந்து கூடியவர்களோ நகரின் நெருக்கமான பேட்டைகளிலிருந்து வந்தவர்கள். 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால் 4-1 எனும் கணக்கில் மோகன் பகானை வென்றபோது, 1,31,781 பேர் பார்த்தனர் என்று பதிவாகியுள்ளது. அவ்வளவு பேரும் எவ்வாறு வந்தனர், எவ்வாறு திரும்பினர் என்று எண்ணிப் பாருங்கள். பேருந்தின் கூரைமேலும் லாரியின் பின்புறத்திலும் தொற்றிக் கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்! அரங்கத்தின் பெயர் தாங்கிய மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டது 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள். அரங்கம் திறந்து 36 ஆண்டுகள் சென்ற பின்னர்த்தான் அதற்கு ரயில் வந்தது.

பெஹாலாவின் சௌரஸ்தா நாற்சந்தியிலிருந்து ஈடன் தோட்டம் நேர்க்கோட்டில் சுமார் 9 கிலோமீட்டர்; யுவ பாரதி அரங்கமோ 13 கிலோமீட்டருக்கும் மேல். நேர்க்கோட்டில் பறந்து செல்லப் பறவையால் இயலும். மனிதருக்கு டயமண்ட் ஹார்பர் சாலை ஒன்றே வழி. அச்சாலையில் ஒரு காலத்தில் டிராம் வண்டி ஓடியது. 1980-களில் அது ஜோக்கா வரையிலும் நீண்டது. பின்னர் மெட்ரோ பாலம் கட்டுவதன் பொருட்டு நிறுத்தப்பட்டது. பெஹாலாவிலிருந்து நகருக்குள் செல்வோர், மாஜேர்ஹாட் என்னுமிடத்தில் ரயில் பாதையின் மேலுள்ள பாலத்தைக் கடந்தாக வேண்டும். அலுவலகம் செல்வோரும், மருத்துவமனை செல்வோரும், மாலையில் ஆட்டம் பார்க்கச் செல்வோரும் யாவரும் அவ்வழியே.

2011-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை முன்னிட்டு ஈடன் தோட்டத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். பிப்ரவரி 27-ஆம் நாள் இந்தியாவும் இங்கிலாந்தும் அங்கே ஆடுவதாக இருந்தது. குறித்த கெடுவுக்குள் பணி முடியவில்லை என்று பன்னாட்டுக் கிரிக்கெட் சங்கத்தார் அவ்வாட்டத்தைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டனர். அந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றிச் சமமாய் முடிந்து, ஆண்டாண்டுக்கும் பேசத்தக்க ஆட்டமாயிற்று. கல்கத்தா மக்களுக்கு அது ஆறாத புண். ஆனால் இந்நிகழ்ச்சியிலிருந்து ஒன்றைக் கற்றுக் கொள்ளலாம். பன்னாட்டு விழாவின் பெரிய வரப்பிரசாதம் பணமோ புகழோ அன்று. கெடு நாள் என்பதே. இன்ன தேதிக்குள் முடிக்காவிட்டால் உலகத்தார் முன்னிலையில் தலைகுனிய நேரும் என்ற அச்சம், உறங்கும் கோப்புகளையும் எழுப்பிவிடுகிறது. அவ்வச்சம் இருந்துமே சில வேளைகளில் பணி முடிவதில்லை என்றால், அச்சமே இல்லாத பணிகளின் நிலை என்னவாகும்?

பதினேழு வயதுக்குட்பட்டோரின் உலகக் கால்பந்துக் கோப்பை 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது, கொல்கத்தா அக்குறையை நீக்கிக் கொண்டது. யுவ பாரதி அரங்கத்தின் திண்ணைப் படிகளை அகற்றித் தனித்தனி இருக்கைகள் பொருத்தினார்கள். இருக்கை எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. அமர்ந்து பார்க்கும் சௌகரியமும் பாதுகாப்பும் மிகுந்தன. கௌஹாத்தியின் ஆடுகளம் மழையால் கெட்டமையின், பிரேசில்-இங்கிலாந்து அரையிறுதியும் இறுதி நேரத்தில் இங்கே மாற்றப்பட்டது. அக்டோபர் 28-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில், இரண்டு கோல் பின்தங்கியிருந்த இங்கிலாந்து 5-2 என்ற கணக்கில் ஸ்பெயினை வென்றது. பார்த்தோர் சுமார் 66,000 பேர். அயல்நாட்டுச் சிறுவர்களுக்காக இவ்வளவு பேர் கூடி ஆரவாரித்ததைக் கண்டு வந்தவர்கள் வியந்தனர். குறித்த நாளில், குறித்த தரத்தில், ஒழுங்காக நடந்த விழா. பாராட்டுவதில் தயக்கமில்லை.

அதன்பின் ஓராண்டு நிறையவில்லை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் மாலை, மாஜேர்ஹாட் பாலத்தின் ஒரு பகுதி வாகனங்களோடு சரிந்து வீழ்ந்தது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பெஹாலா ஏறக்குறைய துண்டிக்கப்பட்ட தீவாயிற்று. சந்துகளிலும் சுற்று வழிகளிலும் பேருந்துகள் நெளிந்தன. அரை மணி வழி இரண்டு மணியாயிற்று. புதிய பாலம் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் திறக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டேகால் ஆண்டு, அத்தனை மக்களும் பொறுத்திருந்தனர்.

அரங்கத்துக்குச் செலவிட்ட பணத்தினால்தான் பாலம் பழுதாயிற்று என்று நான் கூறவில்லை. கணக்கு வழக்கில் அவை வெவ்வேறு தலைப்புகள், பொறுப்பாளரும் வெவ்வேறானவர். நான் ஒப்பிட்டுக் காட்டுவது கவனத்தை. அரங்கத்தின் ஒவ்வொரு புல்லையும், ஒவ்வோர் இருக்கையையும், ஒவ்வொரு வாயிலையும் பன்னாட்டுக் கால்பந்து அதிகாரிகள் பலமுறை வந்து சோதித்தனர். அவர்கள் வினவிய வினாக்களுக்கு விடை எழுதித் தர ஒருவர் இருந்தார். நாள்தோறும் பல்லாயிரவர் கடக்கும் பாலத்தின் அடியில் நின்று, அதே கண்டிப்புடன் வினா எழுப்ப எவரும் வரவில்லை. சோதிக்கும் பழக்கத்தைக் கொல்கத்தா ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கியது. விழா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டது. விழாவின் எச்சம் என்று ஏதேனும் நிலைத்திருக்க வேண்டுமென்றால், அப்பழக்கமே நிலைத்திருக்க வேண்டும்.

இது கொல்கத்தாவுக்கு மட்டும் உரியதன்று. டில்லி மாநகரம் மூன்று பெரு விழாக்களைக் கண்டது. மூன்றும் மூன்று விதம். 1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டில் 11 நாடுகள் கலந்து கொண்டன. ஆங்கிலேயர் காலத்து அரங்கம் ஒன்றையே சீர்ப்படுத்திக் கொண்டார்கள். விடுதலை பெற்று நான்கு ஆண்டுகூட ஆகாத ஏழை நாட்டின் எளிய விழா அது. அவ்வரங்கமே தியான்சந்த் பெயரைத் தாங்கி, 2010-ஆம் ஆண்டிலும் ஹாக்கிப் போட்டிக்குப் பயன்பட்டது.

1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டோ நகரத்தின் உருவத்தையே மாற்றியது. ஜவஹர்லால் நேரு அரங்கம், இந்திரப்பிரஸ்த உள்ளரங்கம், மேம்பாலங்கள், ராஜ் ரேவால் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த சீரி கோட்டை விளையாட்டுக் கிராமம் ஆகிய யாவும் அதன் வரவுகள். வண்ணத் தொலைக்காட்சியும் அவ்வாண்டிலேதான் வந்தது. ஆனால் அவ்விழாவின் நிலைத்த சொத்து எது என்று என்னைக் கேட்டால், உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையே கூறுவேன். கட்டுமானப் பணிக்கு ஒரிசா, இராஜஸ்தானம் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளருக்கு நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் எனப்படும் தரகர் பிடித்துக் கொண்டார். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் இதனை ஒரு கடிதத்தில் எழுதி உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பியது. நீதிமன்றம் அதனையே மனுவாக ஏற்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆவது விதி தடை செய்யும் கட்டாய உழைப்பே ஆகும் என்று 1982-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்புரைத்தார். அரங்கத்தின் காரை உதிரும். மேம்பாலத்தை இடித்துப் புதிது கட்டுவர். கல் சுமந்தவருக்காக எழுதப்பட்ட அத்தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தொடக்க விழாவுக்குச் சில நாள் முன் நேரு அரங்கத்தருகே நடைபாலம் இடிந்ததும், தணிக்கை அதிகாரியின் அறிக்கையும், அமைப்புக் குழுத் தலைவர் கைதானதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. விழா தொடங்கிய அக்டோபர் 3-ஆம் நாளன்றே, நேரு அரங்கத்தைத் தொட்டுச் செல்லும் மெட்ரோப் பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. விழாவின் ஊழலை வைது கொண்டே அந்த வண்டியில் ஏறி அலுவலகம் செல்பவர்கள் பலர்! விமான நிலையத்துக்குச் செல்லும் விரைவுப் பாதை மட்டும் கெடு தவறி, மறு ஆண்டு பிப்ரவரியில் வந்தது. விருந்தினருக்காகத் திட்டமிட்டது, விருந்தினர் சென்ற பின் வீட்டாருக்குக் கிடைத்தது.

நம் சென்னையிலும் 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுகள் நடந்தன. வேளச்சேரி நீச்சற்குளமும், புதுக்கிக் கட்டிய நேரு விளையாட்டரங்கமும் அக்காலத்தவை. இவற்றுக்கு மாறாக, 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுக்கு 180-க்கும் மேற்பட்ட நாட்டார் வந்தும், பெரிய விளையாட்டு மைதானம் எதுவும் தேவைப்படவில்லை. மண்டபத்தில் மேசைகளை வரிசையாக இட்டார்கள். பலகையும் காய்களும் வீட்டுக்கு வீடு வாங்கிக் கொள்ளத்தக்கவை.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே ஒட்டிச் செல்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976-ஆம் ஆண்டு ஒலிம்பிக் அரங்கத்துக்கு வாங்கிய கடனை அடைக்க 30 ஆண்டுகள் ஆயின. ஏதென்ஸில் 2004-ஆம் ஆண்டு எழுந்த அரங்கங்கள் பலவற்றில் பின்னர்ப் புல் முளைத்தது. பார்சிலோனா மட்டும் 1992-ஆம் ஆண்டு விழாவைச் சாக்காகக் கொண்டு, ஆலைகளும் ரயில் தண்டவாளங்களும் மறைத்திருந்த தன் கடற்கரையை மக்களுக்குத் திறந்துவிட்டது. அந்நகரத்தார் தங்களுக்கு வேண்டியது இன்னது என்பதை முன்னரே அறிந்திருந்தனர். விழாவை அதற்கு வேலையாளாக அமர்த்திக் கொண்டனர்.

தற்காலிகமாகக் கட்டுவதில் வங்காளிகளுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. துர்க்கா பூஜை வந்தால் பெஹாலா, பரிஷாப் பகுதிகளில் மூங்கிலும் துணியும் கொண்டு அரண்மனை எழும், கோயில் எழும், சில ஆண்டுகளில் கப்பல்கூட எழும். ஐந்து நாள் பல லட்சம் பேர் வந்து பார்த்துப் போவர். மறுவாரம் மூங்கில் அடுத்த வேலைக்குச் சென்றுவிடும். பொம்மை செய்தவருக்கும் பந்தல் கட்டியவருக்கும் கூலி மிஞ்சும். 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூஜையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பெரு விளையாட்டுகளுக்குத் திட்டமிடுவோர், ஒரு முறை பூஜைக் காலத்தில் இங்கே வந்து பந்தற்காரரிடம் பேசிப் பார்ப்பது நல்லது.

விளையாட்டு விழா நடந்தால் இளைஞர் விளையாடத் தொடங்குவர் என்று ஒவ்வொரு முறையும் வாக்களிக்கிறார்கள். பெஹாலா இந்தியக் கிரிக்கெட்டுக்குத் தந்த தலைவர் சௌரவ் கங்கூலி. 1972-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1996-ஆம் ஆண்டு ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே நூறு ரன் குவித்தார். வசதியான வீடு, விளையாட்டில் ஈடுபாடுள்ள தந்தை, முன்னரே ஆடிவந்த தமையன் என்று அவருக்கு வாய்த்தவை பல. ஈடனில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தபோது அவருக்கு வயது 15. அவ்விழா அவர் உள்ளத்தில் ஏதும் மூட்டியதா என்பதை அவரே அறிவார். பெஹாலாவின் சந்துகளில் அதே வயதில் இருந்த ஏனைய சிறுவருக்கு வேண்டியிருந்தது, பள்ளி விட்டதும் ஓடிச் சேரத்தக்க ஒரு வெற்றிடம். பேட்டைதோறும் இருந்த அத்தகைய வெற்றிடங்களை அடுக்கு வீடுகள் விழுங்கி வருகின்றன. அரங்கத்தின் இருக்கை எண்ணிக்கையைச் சொல்லும் அறிக்கைகளில், பேட்டை மைதானங்களின் எண்ணிக்கை இடம் பெறுவதில்லை.

2030-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது. 2036-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கையும் நடத்த விரும்புவதாக இந்தியா தெரிவித்துள்ளது. திட்டங்கள் தீட்டும் காலம் இதுவே. அவ்வூரிலும் ஒரு பெஹாலா இருக்கும். அங்கேயும் ஒரு பழைய பாலம் இருக்கும். வந்து செல்லும் சோதனை அதிகாரிகளின் பட்டியலில் அப்பாலத்தின் பெயரையும் எழுதிச் சேர்க்க, இன்னும் அவகாசம் இருக்கிறது.

பெஹாலாவுக்கு மெட்ரோ ரயில் ஒருவாறு வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ஜோக்காவிலிருந்து தாராதலா வரையிலும், 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் மாஜேர்ஹாட் வரையிலும் வண்டி ஓடத் தொடங்கியது. எந்த விளையாட்டு விழாவுக்காகவும் அது கட்டப்படவில்லை. எந்தக் கெடுவும் அதனைத் துரத்தவில்லை. அதனால் தாமதமாகவே வந்தது. நகரின் மறுபுறத்தில், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், எஸ்பிளனேடில் ஏறினால் யுவ பாரதி அரங்கத்தின் வாயிலிலேயே சென்று இறங்கலாம். சௌரஸ்தாவிலிருந்து மாலை ஆட்டத்துக்குப் புறப்படும் இளைஞன் மாஜேர்ஹாட் வரை ரயிலில் வருகிறான். அங்கே இறங்கி, பேருந்துக்காகச் சாலையில் நிற்கிறான். எஸ்பிளனேடுக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கிறது.